மூன்று வரிசை வண்டியா? முதலில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் குடியாத்தத்தில் இருக்கிறோம். காட்பாடியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். கே.வி.குப்பம், லத்தேரி வழியாகத் தினமும் நானே கார் ஓட்டிப் போய் வருகிறேன். போக வர சுமார் 60 கிலோமீட்டர். வீட்டில் நான், கணவர், 12 வயது மகன், 7 வயது மகள், மாமனார், மாமியார். என் அம்மா வந்தால் ஏழு பேர். மாமியாருக்கு இரண்டு முட்டியிலும் வலி. மாதம் ஒருமுறை வேலூர் சி.எம்.சி.க்கு அழைத்துப்போக வேண்டும். திருப்பதி, ஏலகிரி, திருவண்ணாமலை என்று வருடத்துக்கு நான்கு முறையாவது குடும்பத்தோடு கிளம்புவோம். அதுவும் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில்தான். ஆன்ரோடு 23 லட்சத்துக்குள் மூன்று வரிசை எஸ்யூவி ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறோம். கணவருக்கு ஸ்கார்பியோ என் மேல் ஆசை. நாத்தனார் வீட்டுக்காரர் இன்னோவாவைத் தவிர வேறு பேச்சே வேண்டாம் என்கிறார். கனடாவில் மான்ட்ரியலில் இருக்கும் என் தம்பி, "மழை, பனி என்றால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் பாதுகாப்பு" என்கிறான். எதை எடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர. கடைசி வரிசையில் யார் உட்காரப்போகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று வரிசை வண்டி கேட்டு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதைச் சொல்வதில்லை. வேலூரில் 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வாங்கி மூன்று வருடம் ஆன ஏழு சீட் வண்டி சர்வீஸுக்கு வரும். கடைசி சீட்டின் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருக்கும். ஒரு தடவை பாட்டியை அங்கே உட்கார வைத்துத் திருவண்ணாமலை வரை போயிருப்பார்கள். இறங்கும்போது அந்த அம்மா பட்ட பாட்டைப் பார்த்த பிறகு அந்த சீட்டை யாரும் விரித்திருக்க மாட்டார்கள். ஆகவே இன்ஜின், மைலேஜ், சன்ரூஃப் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். வண்டியைப் பின்னாலிருந்து முன்னால் பார்த்துக்கொண்டு வருவோம்.

உங்கள் வீட்டு ஆறு பேரை நான் இப்படி உட்கார வைப்பேன். முன்னால் நீங்களும் கணவரும். நடுவில் மாமனாரும் மாமியாரும். பின்னால் பிள்ளைகள். அம்மா வந்தால் நடு வரிசையில் மூன்றாவது ஆள். அப்படியென்றால் நடு வரிசை பெஞ்ச் சீட்டாக இருக்க வேண்டும். தனித்தனியாக இரண்டு கேப்டன் சீட் போட்ட வகையைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் பிடித்துவிடும். ஆனால் டாடா சஃபாரி, மஹிந்திரா எக்ஸ்யூவி 700, கியா கேரன்ஸ் போன்றவற்றில் கேப்டன் சீட் எடுத்தால் மொத்தமே ஆறு சீட்தான். அம்மாவுக்கு இடம் இல்லை. இன்னோவாவில் மட்டும் கணக்கு வேறு. ஏழு சீட் இன்னோவாவில் நடுவில் இரண்டு கேப்டன் சீட், பின்னால் மூன்று பேர் உட்காரும் பெஞ்ச். உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் இவ்வளவு உறுதியாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் கடைசி வரிசையில் பெரியவர்களும் உட்கார முடியும்.

அடுத்தது மாமியாரின் முட்டி. ஷோரூமுக்கு அவரையும் அழைத்துப்போங்கள். வீட்டிலேயே இருக்கட்டும், வண்டி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். கதவைத் திறந்து, சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். சீட் அவர் இடுப்பு உயரத்தில் இருந்தால் சிரமமில்லாமல் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்வார். சீட் இடுப்புக்கு மேலே இருந்தால் ஒரு காலை ஊன்றி உடம்பை எக்கித் தூக்க வேண்டும். வலிக்கிற முட்டியில்தான் அந்த பாரம் முழுக்க இறங்கும். ரொம்பத் தாழ்வாக இருந்தால் எழுந்திருக்கும்போது அதே கஷ்டம். கைப்பிடி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கதவு ஓரத்துத் தூணில் பிடி இருந்தால் நல்லது. கூரையில் மட்டும் இருந்தால் தோள் வலி உள்ளவர்களால் எட்டிப் பிடிக்க முடியாது. ஏறுவதை விட இறங்குவதை இரண்டு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலில், பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் இறங்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் ஸ்கார்பியோ என் எனக்கு இடிக்கிறது. உங்கள் கணவரின் ஆசையைக் குறை சொல்லவில்லை. இரும்பு சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கும் நல்ல வண்டி. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஜவ்வாது மலைக் கிராமத்துக்கு மண் பாதையில் தினம் போகிறவர் கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ஆனால் சேஸிஸ் வண்டியில் தரைத்தட்டு உயரம். மாமியார் ஏற வேண்டிய உயரமும் கூடுகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் முட்டி மார்புக்கு வருகிறது. 7 வயதுப் பெண்ணுக்குப் பரவாயில்லை, வளர்கிற பையனுக்கு இரண்டு வருடத்தில் இடம் போதாது. அந்த சீட்டை விரித்துவிட்டால் டிக்கியில் பை வைக்கவும் இடமில்லை. ஏழு பேரின் சாமானைக் கூரையில் ஏற்றத்தான் வேண்டியிருக்கும். கூரையில் ஐம்பது கிலோ ஏறினால் உயரமான வண்டி வளைவில் எப்படிச் சாய்கிறது என்பது ஏலகிரிப் பாதையில் தெரியும்.

இனி உங்கள் தம்பி சொன்னதற்கு வருகிறேன். அவர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குக் குளிர்கால டயர் போட்டே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப்போய்ப் பிடிப்பை இழக்கும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் இளக்கமாக இருக்கும். அங்கே கொட்டிக் கிடக்கும் பனியிலிருந்து வண்டி நகர வேண்டும். நான்கு சக்கரமும் இழுத்தால் நகரும். இரண்டு மட்டும் இழுத்தால் அவை நின்ற இடத்திலேயே சுழலும். அங்கே அது வாழ்க்கைக்குத் தேவை.

நம் ஊர்க் குளிர்காலம் வேறு. மார்கழி விடியற்காலையில்கூட குடியாத்தம் பக்கம் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்கு வருகிற ஆபத்து மூன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் நிற்கிற தண்ணீர். மார்கழி, தை மூடுபனி. மலை இறக்கம். இந்த மூன்றிலும் உங்களுக்கு வேண்டியது வண்டி கிளம்புவது இல்லை, நிற்பது. நாலு சக்கர இழுவை என்பது இழுக்கிற வேலையைத்தான் நான்காகப் பங்கு போடும். பிரேக்கைப் பொறுத்தவரை, 5 லட்சம் ரூபாய் காராக இருந்தாலும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது. ஈர ரோட்டில் நிற்பதற்கு இழுவை ஒரு அடிகூட உதவாது. அங்கே உதவுவது டயர் மட்டும்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், குடும்பத்தோடு ஏலகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் அப்போது இருந்தது நாலு சக்கர இழுவை வண்டி. டயரில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் பக்கத்துப் புடைப்பு, நன்றாகவே இருந்தது. ஆனால் டயருக்கு வயது ஏழு. நான் அதிகம் ஓட்டாததால் தேயவில்லை, ரப்பர் மட்டும் காய்ந்து இறுகியிருந்தது. தூறல் விழுந்து அரை மணி நேரம் இருக்கும். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருப்போம். ஒரு வளைவில் திருப்பினேன். ஸ்டீயரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. அப்படியே நேராக வழுக்கிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின் சீட்டில் என் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மறுநாளே நான்கு டயரையும் மாற்றினேன். அதிலிருந்து என் பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும் என் கண் முதலில் டயரின் தேதிக்குத்தான் போகும்.

தேதி பார்ப்பது சுலபம். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்தது. புது வண்டி டெலிவரி எடுக்கும்போது ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயரிலும் இதைப் பாருங்கள். பட்டன் இடுக்கில் குறுக்கே சின்னத் திட்டுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அந்தத் திட்டின் மட்டத்துக்கு வந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் பாக்கி என்று அர்த்தம். அது கடைசி எல்லை. மழைக்காலத்துக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்தவுடன், ஐப்பசி பிறப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பட்டன் இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் வெளியே போகிறது. இடுக்கு ஆழமில்லை என்றால் வேகமாகப் போகும்போது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் மழை நேரத்தில் நடுத் தடுப்பில் ஏறி நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். கேட்டால் "பிரேக் பிடிக்கவில்லை" என்பார்கள். பிரேக் பிடித்திருக்கும், டயர்தான் ரோட்டைத் தொட்டிருக்காது. இரண்டு டயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதிய இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். பட்டறையில் முன்னால் போடுவதாகச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஈரத்தில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதை சமாளிப்பது ரொம்பக் கடினம்.

காற்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஓரிரு பேர் போனால் எவ்வளவு, முழு பாரத்துக்கு எவ்வளவு என்று இரண்டு அளவு போட்டிருப்பார்கள். நீங்கள் தனியாக ஸ்கூலுக்குப் போகும் அளவு வேறு, ஏழு பேரோடு திருப்பதி போகும் அளவு வேறு. பங்க்கில் காற்று பிடிக்கிற பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு வைப்பான். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாலு சக்கர இழுவைக்கு அதிகமாகக் கொடுக்கிற பணம் லட்சக்கணக்கில் போகும். அதோடு எடை கூடும், மைலேஜ் குறையும். உங்கள் பட்ஜெட்டில் அதைத் தேடினால் வேறு நல்ல விஷயங்களை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை நான்கும் நல்ல டயராகப் போட்டுக்கொள்ளலாம். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். பனியில் ஓட்டுகிறவர், டயரின் அருமை அவருக்கே தெரியும்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 நவம்பரில் பாலாறு எப்படி ஓடியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் எந்த எஸ்யூவியாக இருந்தாலும் இறக்காதீர்கள். ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தாலே காரை நகர்த்தும். இரண்டு அடி என்றால் பெரிய வண்டியையும் அடித்துக்கொண்டு போகும். தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்திருந்தால், ஸ்டார்ட் செய்கிற அந்த ஒரு நொடியில் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜின் போய்விடும். இன்சூரன்ஸ் போடும்போது இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் வராது.

மூடுபனிக்கு வருவோம். திருப்பதிக்கு நீங்கள் பரதராமி, சித்தூர் வழியாகத்தான் போவீர்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புவது நம் பக்கத்துப் பழக்கம். மார்கழியில் அது ஐந்தரை, ஆறு மணியாக இருக்கட்டும். பனியில் ஹெட்லைட்டை பிரைட்டில் போட்டால் வெளிச்சம் பனித்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். டிம்மில் போடுங்கள். ஃபாக் லைட் தாழ்வாக இருப்பதால் ரோட்டு ஓரக் கோடு தெரியும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடாதீர்கள்; பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று புரியாது. உங்கள் லத்தேரி ரோட்டில் பின்விளக்கும் ரிஃப்ளெக்டரும் இல்லாமல் கரும்பு டிராக்டர் நிற்பதுதான் பெரிய பயம். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்துக்கு மேல் போகவே வேண்டாம்.

ஏழு பேர் உள்ள வண்டியில் இன்னொரு தொல்லை, கண்ணாடியில் ஆவி படிவது. ஏழு பேர் மூச்சு, நனைந்த துணி, மூடிய ஜன்னல். பத்து நிமிடத்தில் முன் கண்ணாடி வெள்ளையாகிவிடும். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி பொத்தானை மாற்றுங்கள்; உள்காற்றே சுற்றுகிற நிலையில் விடக்கூடாது. குளிர்ந்தால் வெப்பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஏசியை அணைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சுவது ஏசிதான். ஆவி வெளிப்பக்கம் படிந்திருந்தால் அது வேறு விஷயம்: உள்ளே அதிகமாகக் குளிர்ந்துவிட்டது. குளிரைக் குறைத்து ஒரு முறை வைப்பர் போட்டால் போதும். பின் கண்ணாடிக்கு வைப்பரும், சூடாக்கும் கம்பியும் (டீஃபாகர்) வேண்டும். விலை குறைந்த வகைகளில் இவை இருக்காது. மூன்று வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் பின் கண்ணாடி வழியாகத் தெரிவதே கொஞ்சம்தான். அதுவும் மங்கிவிட்டால் ரிவர்ஸ் கேமராவை நம்பித்தான் ஓட்ட வேண்டும். சன்ரூஃப் இருக்கும் வகையையும், பின் வைப்பர், டீஃபாகர், மூன்றாம் வரிசைக்குத் தனி ஏசி துளை இருக்கும் வகையையும் எதிரெதிரே வைத்தால் இரண்டாவதை எடுங்கள். வேலூர் வெயிலில் சன்ரூஃப் வருடத்தில் பத்து மாதம் மூடித்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் பிள்ளைகளுக்குப் பின்னால் காற்று வரவில்லை என்றால் அந்த சீட் இருந்தும் இல்லாததுதான்.

மலை இறக்கத்துக்கு ஒன்று. ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இன்றைக்கும் சரி. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டாம் கியரில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, கருகிய வாசனை வந்து, கடைசியில் பெடல் போகும் ஆனால் வண்டி நிற்காது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஆயுள் வரி 2023 நவம்பரிலிருந்து கூடியிருக்கிறது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 18 லட்சம் ஷோரூம் விலை என்றால் வரி மட்டும் 3,24,000. இன்சூரன்ஸ், மற்றதெல்லாம் சேர்த்தால் 22 லட்சத்தைத் தாண்டி நிற்கும். ஆகவே உங்கள் 23 லட்சத்தின் உண்மையான எல்லை ஷோரூம் விலையில் 18, பதினெட்டேகால். விலைப் பட்டியலை அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். 10 லட்சத்துக்கு மேல் வண்டி எடுத்தால் விற்கிறவர் ஒரு சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார். அது வருமான வரிக் கணக்கில் உங்களுக்கு வரவாகும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

டீசலா பெட்ரோலா? மாதம் 1,500 கிலோமீட்டர், அதுவும் நிற்காமல் ஓடுகிற ஓட்டம் என்பதால் உங்களுக்கு டீசல் பொருந்தும். ஊருக்குள்ளேயே இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். மாற்றப் பெரிய தொகை ஆகும். உங்கள் கணவர் ஞாயிற்றுக்கிழமை பஜாருக்கு எடுத்துப்போனாலும், வாரம் ஐந்து நாள் நீங்கள் ஓட்டுகிற காட்பாடி ஓட்டம் அதைச் சுத்தம் செய்துவிடும்.

சரி, எந்த வண்டி? இன்னோவா கிரிஸ்டா பின்சக்கர இழுவை. ஏழு பேரும் சாமானும் ஏறினால் பாரம் பின்னால்தான் உட்காரும், ஏற்றத்தில் பிடிப்பு நன்றாக இருக்கும். டாக்ஸிக்காரர்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிய வண்டி. ஆனால் மேனுவல் கியர் மட்டும்தான், கிளட்ச் கனமானது. ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர், தனி ஆளாக, காட்பாடி ரயில்வே மேம்பால நெரிசலில் அதை மிதிக்கப்போவது உங்கள் கால். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். கீழ் வகையில் எத்தனை ஏர்பேக் என்று எண்ணுங்கள். ஆறுக்குக் குறைந்தால் வேண்டாம். இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட் ஓட்ட இதமான வண்டி, இடமும் தாராளம். உங்கள் எல்லைக்குள் வராது. அதற்காகக் கடனைக் கூட்டாதீர்கள்.

கேரன்ஸ் ஏறி இறங்க மாமியாருக்கு மிக வசதி. அகலம் 1,800 மில்லிமீட்டர்தான், தெருவுக்குள் நுழையும். நடு சீட் ஒரு பொத்தானைத் தொட்டால் மடிந்து வழி விடும். ஓட்டவும் சின்ன கார் மாதிரி. ஒன்றுதான் என்னை நிறுத்துகிறது: 2022இல் குளோபல் என்கேப் சோதனையில் அதற்கு மூன்று நட்சத்திரம். அதே குளோபல் என்கேப் 2023இல் சஃபாரிக்குப் பெரியவர், குழந்தை இரண்டிலும் ஐந்து கொடுத்தது. லாரியும் டிராக்டரும் ஓடுகிற ரோட்டில் தினமும் போகிறவர் நீங்கள்.

எனவே என் முதல் யோசனை சஃபாரி டீசல், பெஞ்ச் சீட் உள்ள ஏழு பேர் வகை. நடு வகை ஒன்று உங்கள் எல்லைக்குள் வரும். முன்சக்கர இழுவைதான், அது போதும். இரண்டு குறை உண்டு. உயரம் அதிகம்; சைடு ஸ்டெப் போட வேண்டும். தடுக்காமல் கால் முழுதாக வைக்கிற அகலத்தில் சொரசொரப்பான ஸ்டெப்பாகப் பார்த்துப் போடுங்கள். இன்னொன்று அகலம், 1,922 மில்லிமீட்டர், அதுவும் கண்ணாடியைச் சேர்க்காமல். உங்கள் தெருவையும் வீட்டுக் கேட்டையும் இன்று மாலையே டேப் வைத்து அளந்துவிடுங்கள். எதிரே ஒரு ஆட்டோ நின்றால் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றாலும், ஸ்டெப் வைத்தும் மாமியாரால் ஏற முடியவில்லை என்றாலும் கேரன்ஸுக்கு வந்துவிடுங்கள். அது மனசில்லாமல் சொல்வது இல்லை. வலியோடு ஏறி இறங்க வேண்டும் என்றால் அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்று சொல்லத் தொடங்குவார்.

எந்த வண்டியானாலும் பின்சீட்டில் பிள்ளைகள் பெல்ட் போட வேண்டும். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பதற்காக இல்லை. கடைசி வரிசைக்கும் பின் கதவுக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருக்கிறது. பின்னால் யாராவது இடித்தால் முதலில் அடி வாங்குவது அந்த சீட்தான். மோதல் சோதனையில் இந்தப் பின் இடியைப் பார்ப்பதில்லை. தலைச் சாய்மானத்தைப் பிள்ளைகளின் தலை உயரத்துக்குத் தூக்கிவையுங்கள். அவர்கள் தலைக்குப் பின்னால் கனமான பெட்டியையோ குக்கரையோ அடுக்காதீர்கள். மகளுக்கு 7 வயது என்பதால் பெல்ட் கழுத்தில் உரசும். பூஸ்டர் சீட் ஒன்று வாங்கிவிடுங்கள். பெல்ட் தோளின் நடுவிலும் இடுப்பு எலும்பிலும் படிய வேண்டும், வயிற்றில் படியக்கூடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் சேர்ந்து ஷோரூமுக்குப் போங்கள். டெஸ்ட் டிரைவ் என்று உங்கள் கணவரை மட்டும் முன்சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்கள். ஆறு பேரும் ஏறுவோம் என்று சொல்லுங்கள். நீங்கள் ஓட்டுங்கள். உங்கள் கணவர் போகும்போது ஒரு பத்து நிமிடம் கடைசி வரிசையில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும். முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகு.